முதலில் கால் நகரட்டும்!

சிங்கப்பூர் ரேஸ்கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி சாப்பிடப் போகிற வழியில் சாக்கிய முனி புத்த கயா ஆலயத்தைப் பார்த்திருப்பாய். 1927இல் தாய்லாந்துத் துறவி ஒருவர் தொடங்கியது. உள்ளே 15 மீட்டர் உயரத்தில் புத்தர் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார், சுற்றிலும் விளக்குகள். பார்த்துவிட்டு வெளியே வருகிற பலரும் ஒரே முடிவோடுதான் வருகிறார்கள்: மன நிம்மதி என்றால் ஓரிடத்தில் அசையாமல் உட்காருவது.

இல்லை தம்பி, இல்லவே இல்லை! அவர் வாழ்நாள் முழுக்க நடந்த மனிதர். ஞானம் பெற்ற புத்தகயையிலிருந்து முதல் உபதேசம் செய்த சாரநாத்துக்குச் சுமார் 250 கிலோமீட்டர். நடந்தே போனார். பிறகு 45 ஆண்டுகள் கங்கைச் சமவெளியெங்கும் நடந்தார். 80 வயதில், நோயுற்ற உடம்போடு, குசிநகரம் வரைக்கும் நடந்தார். புத்தகயையின் மகாபோதிக் கோயிலில், வடபுறத்தில், அவர் முன்னும் பின்னும் நடைபோட்டதாகச் சொல்லப்படும் இடத்தில், தாமரை செதுக்கிய கல்மேடை ஒன்று நீளமாக இன்றைக்கும் இருக்கிறது. அவர் உட்கார்ந்த மரத்தடி உலகத்துக்கே தெரியும். நடந்த மேடையை யார் கேட்கிறார்கள்?

உன்னிடம் வருகிறேன். பாசிர் ரிஸ், கிழக்கு மேற்கு ரயில் பாதையின் கடைசி நிலையம். வேலை முடிந்து அங்கே இறங்கும்போது உயிர் பாதிதான் இருக்கிறது. மின்தூக்கி, சோபா, கைப்பேசி. இரவு பன்னிரண்டு மணிக்கும் கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது கேட்டால் பதில் தயார்: "மூடு சரியில்ல. மனசு கொஞ்சம் தெளியட்டும், அப்புறம் நடக்கப் போறேன்." காய்ச்சல் விட்டபிறகு மருந்து சாப்பிடுகிறேன் என்று யாராவது சொல்வார்களா? நீ சொல்கிறாய்!

தேசிய சேவையில் மூட்டையைச் சுமந்து 24 கிலோமீட்டர் நடந்த கால்தானே இது? அன்றைக்கு சார்ஜன்ட் உன் மூடைக் கேட்டாரா? தங்கச்சி, நீ மட்டும் என்ன? தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் வெறுங்காலோடு பால்குடம் எடுத்தவள். அந்த வலு எங்கேயும் போய்விடவில்லை. நீதான் அதைக் கூப்பிடுவதில்லை.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான வினயத்தில் ஒரு சம்பவம் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது. வைசாலி நகரத்து மக்கள் பிக்குகளுக்குப் போட்டி போட்டுக்கொண்டு விருந்து வைத்தார்கள். நம் கல்யாணப் பந்திபோல வேண்டாம் வேண்டாம் என்றாலும் இலையில் விழுந்திருக்கும். பிக்குகள் ஊதிப்போய் நோயில் விழுந்தார்கள். அந்தப் பக்கம் வந்த வைத்தியர் ஜீவகர் இதைப் பார்த்தார். மகத மன்னன் பிம்பிசாரனுக்கே வைத்தியம் பார்த்தவர், மருந்துக்கா பஞ்சம்? ஆனால் அவர் நேராகப் புத்தரிடம் போய்க் கேட்டது இரண்டே இரண்டு: பிக்குகள் நடைபழக ஒரு பாதை, வியர்வை சிந்த ஒரு வெந்நீராவிக் கூடம். புத்தர் இரண்டுக்கும் சம்மதித்தார்.

அதோடு விடவில்லை. பாதை மேடுபள்ளமாக இருந்து கால் வலித்தது, சமன்படுத்தச் சொன்னார். மழைநீர் தேங்கியது, உயர்த்திக் கட்டச் சொன்னார். உயர்த்தியதும் சிலர் தவறி விழுந்தார்கள். கைப்பிடி வைக்கச் சொன்னார். வெயிலும் குளிரும் வாட்டின. கூரை போடச் சொன்னார். நம் தேசியப் பூங்காக் கழகமும் நகர மன்றமும் சேர்ந்து செய்கிற வேலையை அந்த மனிதர் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே ஒற்றை ஆளாகப் பார்த்திருக்கிறார்! உடம்பு அற்பம், மனசுதான் எல்லாம் என்று நினைத்தவர் கைப்பிடி வைப்பதற்கா மெனக்கெடுவார்?

நடைப்பயிற்சியின் ஐந்து பலன்களை அவர் சொன்னதாக அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. நெடும்பயணம் தாங்கும் உடம்பு, முயற்சிக்கு வேண்டிய தெம்பு, நோயின்மை, நல்ல செரிமானம். இந்த நாலையும் பலதுறை மருந்தக டாக்டரும் சொல்லிவிடுவார். ஐந்தாவதுதான் சங்கதி: நடக்கும்போது கைகூடும் மன ஒருமை நெடுநேரம் நிலைக்கும் என்றார்.

இன்றைய ஆய்வாளர்கள் இதே வாசலுக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய மனச்சோர்வு நோயாளிகள் 156 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1999இல் முடிவு வெளியானது. 16 வாரங்களின் முடிவில், உடற்பயிற்சி செய்தவர்களும் மாத்திரை எடுத்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். தாய்லாந்தில் சோர்வுற்ற முதியவர்களை வைத்து நடத்திய ஆய்வொன்று 2014இல் வெளியானது. சின்ன ஆய்வுதான், 45 பேர். 12 வாரம் ஒரு பிரிவினர் சாதாரணமாக நடந்தார்கள். இன்னொரு பிரிவினர் பௌத்த முறைப்படி, ஒவ்வோர் அசைவையும் கவனித்தபடி நடந்தார்கள். இரு பிரிவினருக்கும் உடல் தெம்பு கூடியது. மனச்சோர்வு குறைந்தது கவனித்து நடந்தவர்களுக்குத்தான்!

அதனால் காதிலிருந்து அந்தக் கருவியைக் கழற்று. பாசிர் ரிஸ் பூங்கா சுமார் 70 ஹெக்டர். கடற்கரையோரம் நேராகப் போகும் ஒரு துண்டுப் பாதையைப் பிடி, முப்பது தப்படி போதும். சைக்கிள் தடத்தில் மட்டும் நின்றுவிடாதே, திட்டு வாங்குவாய். பார்வை நாலடி முன்னால் இருக்கட்டும். குதிகால் தரையைத் தொடுவது, பாதம் பதிவது, விரல் நுனி எழும்புவது மூன்றையும் கவனி. எட்டாவது அடியில் மேலதிகாரி மனசுக்குள் வந்துவிடுவார். வரட்டும். சண்டை போடாதே. கவனத்தைத் திரும்பவும் பாதத்துக்குக் கொண்டுவா. கோடியில் நில், மூச்சைக் கவனி, திரும்பு, நட. சாங்கிக்கு இறங்கும் விமானம் இரைந்துகொண்டு போகும். புதருக்குள்ளிருந்து காட்டுக்கோழி கத்தும். எதிரே புலாவ் உபின் பச்சையாகக் கிடக்கும். எல்லாம் இருக்கட்டும், உன் வேலை பாதத்தில். நூறு தடவை மனசு ஓடினால் நூறு தடவை திருப்பிக் கொண்டுவா. இதில் தோல்வி என்று எதுவுமே கிடையாது!

இன்னொரு ரகம் உண்டு. எதிலும் பின்தங்கப் பயப்படும் கியாசு ரகம். கைக்கடிகாரம் பத்தாயிரம் அடி காட்டாவிட்டால் தூக்கம் வராது. முதல் வாரமே ஓடு ஓடு என்று ஓடி, மூன்றாம் வாரம் முட்டியில் பிளாஸ்திரியோடு படுத்துவிடுவார்கள். இவர்களுக்காகவே ஒரு சோணன் இருந்தான். சம்பா நகரத்துப் பெரும் செல்வனின் மகன், பாதம் தரையில் படாமல் வளர்ந்தவன். துறவியானதும் வெறியோடு நடந்து நடந்து பாதம் கிழிந்து, பாதை முழுக்க ரத்தம். பலன் ஒன்றுமில்லை, வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசித்தான். அவன் வீணை வாசிப்பவன் என்பது புத்தருக்குத் தெரியும். நரம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் நாதம் வருமா, தளர்த்திவிட்டால் வருமா என்று கேட்டார். ஆறு ஆண்டு பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகி, கடைசியில் பால்சோறு சாப்பிட்டு எழுந்த மனிதருக்கு இதைக் கேட்கும் தகுதி இல்லாமல் வேறு யாருக்கு உண்டு? கேட்டதோடு நிற்கவில்லை, செருப்புப் போட்டுக்கொள்ளவும் அனுமதி கொடுத்தார். எனக்கு மட்டும் சலுகை வேண்டாம் என்றான் சோணன். எல்லாருக்கும் கிடைத்தது. ஆகவே நல்ல காலணி வாங்கு, அது ஆடம்பரம் அல்ல. முதல் வாரம் பதினைந்து நிமிடம் போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் நடை மட்டும் போதாது. மருத்துவரைப் பார். நள்ளிரவில் அந்த எண்ணம் வந்தால் உதவி எண் 1767ஐ அழை. எடுப்பதற்கு ஆள் இருக்கிறது. மாத்திரை கொடுத்திருந்தால் நீயாக நிறுத்தாதே. உதவி கேட்பதற்கும் துணிச்சல் வேண்டும், அந்தத் துணிச்சல் உனக்கு உண்டு.

மற்றவர்களே, இன்னும் என்ன சாக்கு மிச்சம் இருக்கிறது? மழையா? நீ இருப்பது வீவக புளோக். அதன் கீழ்த்தளத்தில் தூணிலிருந்து தூணுக்கு இருபது தப்படி தாராளமாக வரும். கூரை போட்டாயிற்று, தரை சமமாக இருக்கிறது, தண்ணீர் தேங்காது. சதுரங்கம் ஆடும் தாத்தா ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும். செருப்பை மாட்டு, இறங்கு!