பந்தம் என்னும் குற்றமும் ஒரு பச்சைப் பேரோந்தியும்

அணுவிரதம் ஐந்தனுள் முதலாவதான கொல்லாமைக்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. சிறுவயதில் என் தந்தையார் இவற்றைச் சொல்லிக்கொடுத்தபோது எங்கள் வீட்டு வண்டிமாடுகளே என் கண்முன் நின்றன. கட்டுதல் என்றால் கயிறு, மிகுபாரம் என்றால் நெல்மூட்டை, அவ்வளவுதான். இன்று எழுபத்தாறு வயதில், இவ்வைந்தனுள் முதற்குற்றத்தை நாள்தோறும் மாலையில் என் கையாலேயே செய்துவருகிறேன். அதனால்தான் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

2019ஆம் ஆண்டு, மேல்நிலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் பேரன் சென்னையில் ஒரு கடையிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். உள்ளே ஒரு சாண் நீளத்தில் பச்சைநிறக் குஞ்சு ஒன்று இருந்தது. இகுவானா என்று பெயர் சொன்னான். தமிழில் பச்சைப் பேரோந்தி என்பர். மெக்சிகோவின் தென்பகுதி முதல் பிரேசில் வரையுள்ள வெப்பக் காடுகளில், ஆற்றங்கரை மரங்களின் உச்சியில் வாழும் உயிர் அது. “உயிருள்ளதை விலைகொடுத்து வாங்கலாமா?” என்று கேட்டேன். “பாட்டி, இது பூச்சி தின்னாது. இலைதான் தின்னும். நம்மைப் போலவே சைவம்” என்றான். (சமணர் வீட்டிலும் புலால் உண்ணாமைக்குச் சைவம் என்றே பெயர் வழங்குவதைப் பற்றி எழுதப் புகுந்தால் இவ்விதழின் பக்கங்கள் போதா.)

அவன் சொன்னது பொய்யன்று. பச்சோந்தி வகைகளை வளர்ப்போர் அவற்றுக்கு இரையாக உயிருள்ள வெட்டுக்கிளியையும் சில்வண்டையும் நாள்தோறும் இட்டாக வேண்டும். ஓருயிரை வளர்ப்பதற்காக நூற்றுக்கணக்கான உயிர்களை மாய்க்கும் வேலை அது. பூனை முதலான கொல்லும் விலங்குகளை வளர்ப்பதைக் கார்த்திகேயானுப்பிரேட்சை பயனற்ற தண்டங்களுள் ஒன்றாக விலக்கியிருப்பதும் இதுபற்றியே. இலையுண்ணும் பிராணிக்கு அவ்விலக்கு இல்லையே என்று பேரனோடு சேர்ந்து நானும் அமைதி கொண்டேன். உடன்பட்டேன் என்று சொல்வதே சரி. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் ஒன்றே என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கூண்டைக் கூடத்துச் சன்னலோரம் வைத்தோம். கண்ணாடி வழியே காலை வெயில் நன்றாக விழும். பாலக்கீரையும் முட்டைக்கோசும் தட்டு நிறைய வைத்தோம். இரண்டாம் ஆண்டில் அதன் கீழ்த்தாடை வீங்கி மெத்தென்றாயிற்று. பின்னங்கால் ஒன்று வளைந்தது. கால்நடை மருத்துவர் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார். சூரிய ஒளியில் உள்ள புறவூதாக் கதிரின் ஒரு பகுதி தோலில் பட்டால்தான் உயிர்ச்சத்து ‘டி’ உண்டாகும். அஃதிருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். சன்னற் கண்ணாடி ஒளியையும் வெம்மையையும் விடும், அக்கதிரை விடாது. பாலக்கீரையிலுள்ள ஆக்சாலிக் அமிலமோ இருக்கும் சுண்ணாம்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். முப்பத்திரண்டு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து, இதே உயிர்ச்சத்தைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவள் நான். மருத்துவர் முன் தலைகுனிந்து நின்றேன். உணவு தடுத்தல் ஐந்தாம் குற்றம். தட்டு நிறைய உணவு வைத்தும் அதனைச் செய்ய இயலும் என்று அன்று கண்டேன்.

பிறகு முருங்கைக்கீரை, முசுக்கட்டை இலை, செம்பருத்தி இலையும் பூவும் என மாற்றினோம். நாள்தோறும் மாடியில் நேர்வெயிலும், ஒதுங்க நிழலும் கொடுத்தோம். தாடை கெட்டிப்பட்டது. கால் வளைந்தபடியே நின்றுவிட்டது.

என்னை வருத்துவது வேறொன்று. அத்தனை மாதமும் அது ஒரு முறையும் குரலெழுப்பவில்லை. நாய்க்கு நோவென்றால் முனகும், மாடு கதறும். இது அசையாமல் கிளைமேல் படுத்திருந்தது. வந்தவர்களெல்லாம் “எவ்வளவு சாதுவாக இருக்கிறது!” என்று புகழ்ந்தார்கள். தலையைத் தடவினால் கண்ணை மூடும். அது இன்பத்தால் என்று நினைத்தோம். உண்மையில் இவ்வுயிரின் உச்சந்தலையில், செதிலுக்கிடையே, மூன்றாவதாக ஒரு கண் உண்டு. அதற்கு உருவம் தெரியாது. ஒளியும் நிழலும் தெரியும். மேலே பருந்தின் நிழல் விழுந்தால் அறிந்துகொள்வதற்கு அது உதவுகிறது. நாம் அன்போடு மேலிருந்து நீட்டும் கையும் அதற்குப் பருந்தின் நிழல்தான். அச்சத்தில் அசையாதிருந்ததை நாங்கள் அடக்கம் என்று கொண்டாடியிருக்கிறோம். ஐம்பொறியும் உடைய உயிர் அது. நம்மைப் போலவே இன்பதுன்பம் துய்ப்பது. நமக்கு விளங்கும் மொழியில் அழாததொன்றே அதன் குறை.

பந்தம் என்னும் குற்றத்துக்குச் சர்வார்த்தசித்தியில் பூஜ்யபாதர் பொருள் உரைக்கும்போது கயிற்றைப் பற்றிப் பேசவில்லை. ஓருயிர் தான் விரும்பும் இடத்துக்குச் செல்லவிடாமல் தடுப்பதற்கு ஏதுவானது எதுவோ அதுவே பந்தம் என்கிறார். இவ்வுரையை என் பேரனிடம் சொன்னேன். “பண்ணையில் பொரித்த குஞ்சு பாட்டி இது. காட்டையே பார்த்ததில்லை. பார்க்காத இடத்தை எப்படி விரும்பும்? காட்டில் இருந்திருந்தால் முதலாண்டிலேயே பாம்புக்கோ பருந்துக்கோ இரையாகியிருக்கும்” என்றான். குஞ்சுகளுள் பெரும்பாலானவை அவ்வாறு மாய்வது உண்மையே. ஆயினும் பருந்தின் வினை பருந்துக்கு, என் வினை எனக்கு. நான் வாங்கியதனால் கடைக்காரர் இன்னொன்று தருவித்தார். அதற்காகப் பண்ணையில் இன்னொன்று பிறந்தது. விமானநிலையங்களில் பயணிகளின் பெட்டிகளுக்குள் துணிச்சுருளில் பிடிபடும் ஓந்திகளைப் பற்றி நாளிதழில் படிக்குந்தோறும் அவன் வாதம் எனக்கு மேலும் மெலிந்தே தோன்றுகிறது.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், ஆகமம் கற்றவர், வீட்டுக்கு வந்தபோது, “கூண்டைத் திறந்துவிடுங்கள் அம்மா. அபயதானத்தினும் உயர்ந்தது உண்டா?” என்றார். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் நடந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். 1960களிலிருந்தே அங்கே தப்பியும் விடப்பட்டும் வெளிச்சென்ற பேரோந்திகள் பெருகிவிட்டன. அவை கரைச்சுவர்களின் அடியில் வளை தோண்டுகின்றன. மயாமி நீலம் என்னும் அருகிவரும் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு உணவான செடியையும் தின்கின்றன. 2020 சனவரி 21 அன்று, குளிரில் விறைத்த பேரோந்திகள் மரங்களிலிருந்து விழக்கூடும் என்று மயாமி வானிலை அலுவலகமே அறிவித்தது. 2021இல் அவற்றைத் தடைசெய்த உயிரினப் பட்டியலில் சேர்த்தார்கள். இன்று நிலவுடைமையாளர் தம் நிலத்திலுள்ளவற்றைக் கொன்றுவிடும்படி அங்குள்ள வனவுயிர்த் துறையே ஊக்குவிக்கிறது. சலிப்பினாலோ இரக்கத்தினாலோ கதவைத் திறந்துவிட்டவர்கள் தம் கையில் இரத்தக்கறை படாமல் போய்விட்டார்கள். கொலை பின்வந்தவர்களுக்கு விடப்பட்டது. என் பேரோந்தியோ வளைந்த காலோடு வெளியே சென்றால் ஒரு நாளில் தெருநாய்க்கு இரையாகும். இதனைப் பெரியவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்து, “அப்படியானால் கட்டவிழ்ப்பதும் குற்றம்” என்றார். காட்சிசாலையில் கொடுக்கலாம் என்பர் சிலர். அது கூண்டை மாற்றுவது. என் கண்ணுக்கு மறைவாக்குவது.

ஆகவே, இருக்கும் பந்தத்தை எவ்வளவு தளர்த்தலாம் என்பதே எனக்கு எஞ்சிய கேள்வியாயிற்று. பேரன் 2023இல் மேற்படிப்புக்கு அயல்நாடு சென்றபின் நான் அதனை நாள்முழுதும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூண்டைத் திறந்தால் அது ஒவ்வொரு மாலையும் திரைச்சீலையில் தொற்றி, அதன் உச்சிக் கம்பிக்கே போய்ப் படுத்தது. காட்டைப் பார்க்காத உயிர்தான். ஆயினும் அது விரும்பும் இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் உயரம். ஆற்றையும் காட்டையும் என்னால் தர இயலாது. மாடியில் கம்பிவலை அடித்து, பன்னிரண்டடி உயரத்தில் ஓர் அறை கட்டி, கொய்யாக் கிளைகளையும் வேப்பங்கிளைகளையும் நிறுத்தினேன். அமிழ்ந்து கிடக்க ஒரு தொட்டியும் உண்டு. ஓய்வூதியத்தில் கணிசமான பகுதி போயிற்று. மருமகளுக்கு இது பிடிக்கவில்லை. அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வனவுயிர்ச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஒட்டி, 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி ஆறு மாதத்துக்குள் பதிவும் செய்துவிட்டோம். பதிவுச்சீட்டு பேரன் பெயரில் இருக்கிறது. முருங்கைக்கீரை ஆய்வது நான்.

இப்போது வாலோடு சேர்த்து ஐந்தடி இருக்கும். நன்றாகப் பேணினால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும் என்கிறார்கள். கணக்கு எளியது: எனக்குப் பின்னும் அது இருக்கும். வீடும் நிலமும் யாருக்கு என்று எழுதிவைத்திருக்கிறேன். இதற்கு அப்படி எழுத முடியவில்லை. பிறர் தலையில் பந்தத்தை ஏற்றுவதற்கு எனக்கு உரிமை ஏது? ஆகவே சென்ற மாதம் பேரனுக்குக் கடிதம் எழுதினேன். ஆறுதல் வேண்டாம், இதனை ஏற்பவர் யார் என்று ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தேன். “அவசரமில்லை பாட்டி, அடுத்த விடுமுறையில் பேசலாம்” என்று மறுமொழி வந்தது. அவசரம் உண்டு என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன்.