சாவா மூவாப் பேராடு

எம்.கே.பி. நகர் என்று சொல்லி ஷேர் ஆட்டோவில் ஏறுபவர்களில் எத்தனை பேருக்கு அது மகாகவி பாரதி நகர் என்பது நினைவிருக்கும்? வட சென்னையில் பல பழைய விஷயங்கள் இப்படிக் கண்ணெதிரே இருந்தபடியே மறைந்துகிடக்கின்றன. அங்கிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுத் திருவொற்றியூர் தேரடிக்குப் போனால், தியாகராஜ சுவாமி கோயிலிலும் அதே நிலைதான். பல்லவர், சோழர், ராஷ்டிரகூடர் காலத்துக் கல்வெட்டுகள் நூற்றுக்கும் மேல். வருகிறவர்கள் அவற்றைக் கடந்து சன்னதிக்குப் போகிறார்கள்.

அந்தக் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் தொடர் ஒன்று உண்டு: ‘சாவா மூவாப் பேராடு’. கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 90 ஆடுகள், சில ஊர்களில் 96. ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் பால் கறந்து, தயிராக்கிக் கடைந்து, உருக்கி, நாள்தோறும் உழக்கு நெய் கோயிலில் அளக்க வேண்டும். ஓர் ஆடு செத்தால் ஒரு குட்டி அதன் இடத்துக்கு வந்துவிடும். கணக்கில் தலை குறையாது. ஆகவே அந்த ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. சந்திர சூரியர் உள்ளவரை விளக்கு எரியும் என்பது ஏற்பாடு.

இங்கேதான் சிக்கல். கொடுத்தவர் ஒரு நாள் கொடுத்தார், புண்ணியம் அவருக்கு. அன்றாடம் நெய் அளப்பவரோ இடையர். அவருக்குப் பின் மகன், பேரன். இன்னும் பிறக்காத பேரனை இன்னொருவர் செய்த தர்மம் கட்டுமா?

வாக்கு பற்றிய கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், இங்கே சங்கிலியாரை மணக்க விரும்பினார். ‘உன்னைப் பிரியேன்’ என்று சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டும். அந்த நேரம் மட்டும் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சிவனிடமே பேசி வைத்தார். சிவன் சரியென்று சொல்லிவிட்டு, மகிழடியில் சத்தியம் கேள் என்று சங்கிலியாரின் கனவிலும் போய்ச் சொன்னார். வேறு வழியின்றி அங்கேயே சத்தியம் செய்தவர், பிறகு திருவாரூர் நினைவில் ஊர் எல்லையைத் தாண்டினார். கண் போனது.

தடவித் தடவிப் போனவருக்குத் திருவெண்பாக்கத்தில் கிடைத்தது பார்வை அல்ல, ஓர் ஊன்றுகோல். அந்த ஊரின் பழைய கோயில் இருந்த இடம் இன்று பூண்டி ஏரிக்கு அடியில் இருக்கிறது. சென்னையின் குடிநீருக்காகக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் அணை எழுந்தபோது ஊர் மூழ்கியது. சுவாமி பூண்டிக்கு வந்து ஊன்றீஸ்வரராக இருக்கிறார்.

சுந்தரர் தாமே சொன்னார், தாமே மீறினார், தாமே பட்டார். யாருமே கேட்காத வாக்கு ஒன்றும் திருவொற்றியூர்க் கல்லில் இருக்கிறது. 949-ல் தக்கோலப் போரில் சோழ இளவரசர் ராஜாதித்தர் கொல்லப்பட்டார். அவரிடம் பணியாற்றிய கேரளத்து வல்லபர், தலைவனோடு சாகவில்லையே என்று குமைந்து, கங்கையாடி, இங்கே துறவு பூண்டு சதுரானன பண்டிதர் ஆனார். அவருடைய கதையைச் சொல்லும் கல்வெட்டு, ராஜாதித்தரை வீழ்த்திய ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைப் போட்டே வெட்டப்பட்டிருக்கிறது. பின்னாளில் முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கருவறை கருங்கல்லாக எழுந்தபோதும் மடத்துத் தலைவர் பெயர் சதுரானன பண்டிதர்தான். ஆள் மாறினார், பெயர் மாறவில்லை, அந்த ஆடுகளைப் போல.

தெற்கே, மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் கதை வேறு. 2004 சுனாமி மணலை வாரிப் போனதில் ஒரு பாறையின் எழுத்துகள் வெளியே வந்தன. அதைப் பிடித்துக்கொண்டு 2005-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, மணலுக்கடியில் செங்கல்லில் கட்டிய முருகன் கோயில் கிடைத்தது. அங்குள்ள ஒரு தூணில், வசந்தனார் என்ற பெண் விளக்கெரிக்க 16 கழஞ்சு பொன் கொடுத்த செய்தி இருக்கிறது. பொன்னின் கணக்கு பத்திரமாக இருக்கிறது. விளக்குதான் இல்லை.

வசந்தனார் வாக்குத் தவறவில்லை. ஏற்று நடத்த ஆள் இல்லாமல் போனது. அப்படியானால் இடையரின் பேரனைக் கட்டியது கல்லில் இருந்த எழுத்து அல்ல. ஒவ்வொரு காலையும் அவர் மறுபடி மத்தை எடுத்ததுதான். அதை அவர் விரும்பி எடுத்தாரா, வேறு போக்கில்லாமல் எடுத்தாரா என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை. தர்மம் என்று அதைப் புகழுமுன் அந்த மௌனத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

திருவொற்றியூரில் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. சுந்தரர் ஆண்டுதோறும் அதே மரத்தடியில் அதே சத்தியத்தைச் செய்கிறார். அவர் அதை மீறுவார் என்று தெரிந்தே ஊர் கூடி நின்று பார்க்கிறது.