முன்பணம் யாருடையது?



நமது வியாபாரிகளில் பலர் இன்று மளிகையோடு நிற்பதில்லை. தோட்டங்கள் பல மூடப்பட்டு, லயங்களில் இருந்தவர்கள் சிரம்பான், ரந்தாவ், லுக்குட் பக்கத்துத் தாமான்களில் குடியேறிவிட்டனர். அவ்வீடுகளுக்கு அடுப்படி நீட்டவும் கூரை மாற்றவும் ஆள் தேவைப்படுகிறது. நம்மில் சிலர் குத்தகை எடுக்கிறோம்; சிலர் சிமெண்டும் தகரமும் கடனுக்குக் கொடுக்கிறோம்; சிலர் “இவர் நல்ல ஆள்” என்று வாயால் ஜாமீன் நிற்கிறோம். ஆகவே இக்கேள்வி நம் எல்லாரையும் சேர்ந்தது: வேலை தொடங்குமுன் வாங்கும் முன்பணம் யாருடையது?

கிதாபு பார்த்து எழுந்த கேள்வியல்ல இது. என் கல்லாப்பெட்டியிலிருந்து எழுந்தது.

சில வருஷங்களுக்கு முன், பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மாள், சேமநிதிப் பணத்தில் வீட்டின் பின்புறத்தை நீட்டிக் கட்ட விரும்பி என்னிடம் ஆள் கேட்டார். நான் ஒருவரைச் சொன்னேன். அவர் என் கடையில் 4,000 வெள்ளி பாக்கி வைத்திருந்தார். அதை அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை. 18,000 வெள்ளிக்குப் பேச்சு முடிந்து, 10,000 முன்பணம் கைமாறியது. மறுநாளே குத்தகைக்காரர் வந்து என் பாக்கியைத் தீர்த்தார். அது எந்தப் பணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பற்றுவரவுப் புத்தகத்தில் கோடு கிழித்தபோது சந்தோஷப்பட்டேன். மீதியில் பெரும்பகுதி அவர் பாதியில் விட்டிருந்த இன்னொரு வீட்டுக்குப் போயிற்று.

இங்கே பழைய கூரையைப் பிரித்ததோடு வேலை நின்றது. அது மழைக்காலம். அம்மாள் கடைக்கு வந்து, “உங்க பேச்சை நம்பித்தானே பாய் குடுத்தேன்” என்றார். சத்தம் போடவில்லை. வேறொன்றும் சொல்லவுமில்லை.

குத்தகைக்காரரை அழைத்துக் கேட்டேன். அவர் திருடரல்லர். “அடுத்த வீட்டு முன்பணம் வந்ததும் அக்கா வீட்டை முடித்துவிடுவேன். வியாபாரத்தில் பணம் சுழலத்தானே வேண்டும்? வெள்ளியில் பெயரா எழுதியிருக்கிறது?” என்றார். அவர் மனதாரவே அப்படிச் சொன்னார். நம்மில் பலர் செய்கிற காரியந்தான் இது.

பணம் சுழல வேண்டியதுதான். நம் லாபம் சுழலலாம். கடனென்று சொல்லி வாங்கியதும் சுழலலாம்; ஏனெனில் கொடுத்தவருக்கு அது தெரியும். ஆனால் அந்த அம்மாள் கடன் கொடுக்கவில்லை. தம் கூரைக்குக் கொடுத்தார். “இதைக் கொண்டு வேறொருவர் வீட்டை முடிக்கட்டுமா?” என்று கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா? மறுப்பார் என்று தெரிந்தே கேட்காமல் விடுகிறோமே, ஹியானத்து அங்கேதான் தொடங்குகிறது. நிய்யத்து நல்லதாயினும் அது தீராது. அடுத்த வீடு கிடைக்காமற் போனால் நஷ்டம் யார் தலையில்? பந்தயம் வைத்தவர் ஒருவர், நனைகிறவர் வேறொருவர். மார்க்கச் சட்டத்தில் முன்பணம் எவ்வகை என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். வியாபாரியின் மனச்சாட்சிக்கு, வேலை நடந்த அளவுதான் நமது, மீதி அமானத்து.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நுபுவ்வத்துக்கு முன், சுமார் 35 வயதில் இருந்தபோது, குறைஷிகள் கஅபாவைப் புதுப்பித்தார்கள். அவர்கள் அப்போது சிலை வணங்கிகள். இருந்தும், வட்டிப் பணமும் அநியாயமாய் வந்த பணமும் இதில் சேரக்கூடாது என்று முடிவு செய்தனர். தூய பணம் போதவில்லை. என்ன செய்தார்கள்? வேறு பணத்தைக் கலக்கவில்லை, கட்டடத்தைச் சுருக்கினார்கள். வெளியே விடப்பட்ட பகுதிதான், ஹாஜிகள் இன்றும் சுற்றிவரும் ஹத்தீம். அல்லாஹ்வின் வீட்டையே கையிலுள்ள தூய பணத்துக்குத் தக்கபடி குறைத்தார்கள் என்றால், ஓர் அடுப்படியை முடிக்க அடுத்தவர் கூரையை நாம் எடுக்கலாமா?

இனி, செய்யக்கூடியது யாது? இந்நாட்டில் வீடமைப்பாளரிடம் புதுவீடு வாங்குவோருக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. வேலை முடிய முடியத் தவணையாகவே பணம் செல்கிறது. பழைய வீட்டைப் புதுப்பிக்கும் சிறு குத்தகைக்கு அச்சட்டம் வராது. ஆனால் அந்த முறையை நாமே மேற்கொள்ளத் தடையில்லை. அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று பிரித்து வாங்கலாம். தோட்டக் கடைகளில் கடன் எழுதிய 555 நோட்டு நமக்குப் புதிதல்ல. அதில் இரண்டு வாங்கி, ஒன்று வீட்டுக்காரரிடம், ஒன்று குத்தகைக்காரரிடம் இருக்கட்டும். வாங்கிய பணம், இறக்கிய சாமான், ஆள்கூலி எல்லாம் இரண்டிலும் ஏறட்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து, பகராவின் 282ஆவது, கடனைச் சிறிது பெரிது பாராமல் எழுதிவைப்பதைப் பற்றியதல்லவா?

வீட்டுக்காரருக்கும் கடமை உண்டு. இடையில் ஒரு ஜன்னலைக் கூட்டச் சொன்னால் அதன் விலையையும் எழுதவேண்டும். முடிந்த வேலைக்குப் பணத்தை இழுத்தடிக்கலாகாது. கொத்தனார் கூலி அதில்தான் இருக்கிறது.

வழக்கென்று வந்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரையில் முறையிடலாம். அந்த அம்மாளிடம் எழுத்து எதுவும் இல்லை. இருந்தது என் பேச்சு ஒன்றுதான்.

ஆகவே அந்த 4,000 வெள்ளியை நான் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குத் தகரமும் மரமும் சிமெண்டும் இறக்கி, வேறு கொத்தனாரை வைத்துக் கூரையை மூடினேன். குத்தகைக்காரரின் பாக்கியை மறுபடி என் புத்தகத்தில் எழுதினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வருகிறார். இது தர்மமல்ல. அவருடைய பணம் அவர் வீட்டுக்குப் போயிற்று, அவ்வளவே.

இப்போது யாராவது ஆள் கேட்டால், அவருக்கு என் கடையில் பாக்கி உண்டா இல்லையா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதனால் ஓரிரு வாடிக்கை போயிற்று. அல்லாஹ் நம் கணக்குகளை அவன் முன் வைக்கும்படி ஆக்கித் தருவானாக, ஆமீன்.