அறிவு எப்போது கடமையாகிறது?

கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் வாகனங்களில், எஞ்சினை ஆளும் கணினி, உணரிகள் எனப்படும் சென்சார்கள் அனுப்பும் மின்னழுத்தங்களை இடைவிடாது படித்து, அவற்றுள் ஒன்று எல்லை கடக்கும்போது ஓர் எண்ணைப் பதிந்து எச்சரிக்கை விளக்கை எரியவிடுகிறது. கோளாறுக் குறியீடு எனப்படும் இந்த எண் எஞ்சினைப் பற்றிய அறிவா, அறிவுக்கு வழிகாட்டும் சான்றாகிய ஏது மட்டுமா என்பது அளவையியல் சார்ந்த கேள்வி. அளவையியலாவது, அறிவு எவ்வாறு பிறக்கிறது, எப்போது செல்லும் என்பதை ஆராயும் துறை. இவ்வகை வாகனங்களைச் செய்யும் போலாரிஸ் நிறுவனத்தின் வண்டிகளில் குறியீடு இரு பகுதிகளாக வரும். எஸ்.பி.என். என்பது எந்த உறுப்பு அல்லது எந்த அளவு என்பதையும், எஃப்.எம்.ஐ. என்பது அது எவ்வகையில் பிறழ்ந்தது என்பதையும் குறிக்கும். 110 என்னும் எண் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டின் வெப்பநிலைக்கு உரியது. அதனோடு 0 சேர்ந்தால் வெப்பம் வரம்பு மீறியது என்றும், 3 சேர்ந்தால் உணரியின் மின்னழுத்தம் மிகுந்தது என்றும், 4 சேர்ந்தால் குறைந்தது என்றும் கொள்ள வேண்டும். பின்னவை இரண்டும் எஞ்சினைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. உணரியையும் அதன் கம்பியையும் பற்றியே பேசுகின்றன. கூர்ந்து நோக்கினால், முதலாவதும் உணரி சொன்னதைக் கேட்டுச் சொல்வதேயன்றி நேரே கண்டு சொல்வதன்று.

மணிமேகலையின் 29ஆம் காதை பௌத்த அளவையை விரிக்குமிடத்து, ஏதுவில் நேரும் குற்றங்களுள் ஒன்றாக அநைகாந்திகத்தைக் கூறுகிறது. நிறுவ விரும்பும் பொருள் உள்ள இடத்திலும் அது இல்லாத இடத்திலும் ஒரே ஏது காணப்படுமாயின் அதைக்கொண்டு எதையும் முடிவுகட்ட இயலாது என்பது அதன் கருத்து. ஜீப் போன்ற, சாலைக்கும் காட்டுக்கும் பொதுவான வாகனங்களில் அடிக்கடி தோன்றும் பி0171 என்னும் குறியீடு இக்குற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. காற்றின் அளவுக்கு எரிபொருள் போதவில்லை என்பதே அதன் பொருள். உள்ளிழுக்கும் குழாயில் காற்று கசிந்தாலும், பெட்ரோல் பம்ப் தளர்ந்தாலும், காற்றை அளக்கும் உணரியில் அழுக்கேறினாலும் அது வரும். பம்ப் கெட்ட வண்டியிலும் நல்ல பம்ப் உள்ள வண்டியிலும் ஒருங்கே தோன்றுவதால், அந்த எண்ணை மட்டும் நம்பிப் பம்பை மாற்றுவது ஊகமேயன்றி அனுமானம் ஆகாது. பட்டறைகளில் உதிரிப்பாகங்கள் வீணாவதற்கு இந்தக் குழப்பமே பெருங்காரணம் எனலாம்.

ஒற்றை வண்டியில் இப்பிழைக்கு விலை ஓர் உதிரிப்பாகம். தயாரிப்பாளரிடத்தில் விலை வேறு. சாலைக்குரியன அல்லாத இவ்வகை வாகனங்களை அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கண்காணிக்கிறது. ஓடும்போதே தீப்பற்றக்கூடும் என்பதால், 2013 முதல் 2016 வரையிலான மாதிரிகளைச் சேர்ந்த ஆர்.இசட்.ஆர். 900, 1000 வாகனங்களுள் சுமார் 1,33,000ஐ, 2016 ஏப்ரலில் போலாரிஸ் பழுதுநீக்கத்துக்காகத் திரும்ப அழைத்தது. அவ்வாறு பழுது நீக்கப்பட்டவற்றிலும் தீ விபத்துகள் தொடர்வதாக, 2017 டிசம்பரில் நிறுவனமும் ஆணையமும் கூட்டாகவே அறிவித்தன. திருத்தப்பட்டதே முழுக் காரணம் என்ற அனுமானம் நிற்கவில்லை என்பதே இதன் பொருள்.

காரணம் ஐயமறத் தெரியும்வரை பேசாதிருப்பதே அறிவுக்கு நேர்மையன்றோ என்ற வாதம் இங்கே எழும். ஆங்கிலக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபோர்ட் 1877இல் எழுதிய நம்பிக்கையின் அறம் பற்றிய கட்டுரையில் வரும் கப்பல் உரிமையாளன், கலம் பழுதுற்றிருக்குமோ என்ற ஐயத்தைத் தானே அடக்கிவிட்டு அதைக் கடலுக்கு அனுப்புகிறான். அக்கலம் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே என்கிறார் கிளிஃபோர்ட். அளவையியலின் கண்டிப்பும் இந்தத் தீர்ப்பும் முரண்படுவனபோலத் தோன்றினாலும் முரண்படுவதில்லை. ஏனெனில், இன்ன உறுப்பே காரணம் என்று சாதிப்பதற்கு விலகாத ஏது வேண்டும், இந்த வண்டியில் ஏறுவோருக்குத் தீங்கு நேரலாம் என்று அறிவிப்பதற்கோ மீண்டும் மீண்டும் எரிந்த வண்டிகளே போதும். முதற்கூற்றுக்குரிய சான்று கிட்டவில்லை என்று இரண்டாவதையும் நிறுத்திவைப்பது தருக்கத்தின் கண்டிப்பாகாது, தருக்கத்தின் பின்னே ஒளிந்துகொள்வதாகும்.

அமெரிக்கச் சட்டமும் இவ்வாறே பிரித்துக் காண்கிறது. பெருந்தீங்கு விளைக்கத்தக்க குறை உண்டு என்ற முடிவை நியாயமாகத் தாங்கும் தகவல் கிடைத்தாலே 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். காரணம் கண்டறியப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. போலாரிஸ் இக்கடமையில் தவறியது என்றும், அறிவித்தபோது ஆர்.இசட்.ஆர். வாகனங்களில் 150 தீ விபத்துகளும் 15 வயதுப் பயணி ஒருவரின் மரணமும் அதன் கவனத்துக்கு வந்திருந்தன என்றும் ஆணைய அலுவலர்கள் குற்றஞ்சாட்டினர். 2018 ஏப்ரலில் அந்நிறுவனம், குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலேயே, 2 கோடியே 72.5 லட்சம் டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது.