ஆகாரதானமும் சாத்திரதானமும்

தானம் நான்கு எனச் சமண நூல்கள் வகுத்துரைக்கும். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் இந்நான்கையும் நம் இல்லங்களில் சிறுவரும் எண்ணிச் சொல்வர். உண்டி கொடுத்தல் ஓர் அறம், கல்வி கொடுத்தல் மற்றோர் அறம் எனத் தனித்தனியே எண்ணிப் பழகிவிட்டோம். பசித்த பிள்ளைக்குக் கல்வியை மட்டும் கொடுத்தால் அது தானமாகுமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் வினா.

உடல் எடையில் மூளையின் பங்கு நூற்றுக்கு 2 அளவே. ஆனால் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு 20 பங்கை அது பெற்றுக்கொள்கிறது. வளரும் பிள்ளைக்கு இப்பங்கு இன்னும் மிகுதி. ஆகவே, இரவில் அரைவயிறு உண்டு, காலையில் வெறும் தேநீரோடு வந்த பிள்ளை வாய்பாட்டைத் தவறவிடுவது சோம்பலால் அன்று. கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தில் ஆசிரியப் பணி புரிந்த நாம் இதனை நன்கறிவோம். மழை பொய்த்த ஆண்டுகளில் முற்பகலிலேயே பிள்ளைகளின் தலை சாயத் தொடங்கிவிடும். கண்டிப்பு அவர்களை நிமிர்ந்து உட்காரச் செய்யும். பாடத்தை மனத்தில் பதியச் செய்யாது. பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற கற்பித்தல் முறைகள் யாவும் வயிறு நிரம்பிய பிள்ளையைக் கருதி அமைந்தவையே.

இவ்வுண்மையை நாடறியச் செய்த ஊர் நமக்கு அருகிலுள்ள எட்டயபுரம். 1956ஆம் ஆண்டு முதலமைச்சர் காமராசர் அங்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பொதுமக்கள் கொடையையும் துணையாகக் கொண்டு அது ஊர்தோறும் பரவிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வழங்கத் தொடங்கினர்.

இவ்வெண்ணம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. கோவில்பட்டியை அடுத்த கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைச் செதுக்கிய காலத்திலேயே, அங்குத் தங்கிச் சித்தாந்தம் உரைப்பார்க்கும் வைராக்கியர்க்கும் உணவளிக்கக் கொடை விட்ட செய்தி கல்வெட்டில் காணப்படுகிறது. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அப்பாறையில் உள்ளன. ஞானத்துக்கு ஆகாரம் அடிப்படை என்பதை அவர்கள் கல்லிலேயே எழுதி வைத்தனர்.

இனி, நம்மவர் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசுவோம். 1989 முதல் சத்துணவில் முட்டை இடம்பெற்று வருகிறது. கொல்லாமையை விரதமாகக் கொண்ட நாம் இதனை எவ்வாறு நோக்குவது? செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றுமே வினைக்கு வாயில். ஆகவே வாளாவிருப்பதும் உடன்பாடு ஆகிவிடாதா என வினவுவோர் உளர். வினா நேர்மையானது, அதனைப் புறந்தள்ளுதல் கூடாது.

ஆயினும் இம்சையின் வேர் பிரமாதம், அதாவது பொறுப்பற்ற அசட்டை என்பதையும் நம் ஆசிரியர்கள் உரைத்துள்ளனர். சத்துக் குறைவால் ஒரு பிள்ளையின் அறிவு மலராமற் போவதைக் கண்டும் காணாதிருப்பது அசட்டை அன்றி வேறென்ன? விரதம் அதனை ஏற்றவரைக் கட்டுவது. பிறர் தட்டிலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்லி, அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிட்டால், விரதத்தின் பெயரால் நாமே ஓர் உயிரை வாட்டியவர் ஆவோம். முட்டையைப் புகழ வேண்டுவதில்லை. அதற்கு ஈடான ஒன்றை நம் கையால் வைக்க வேண்டும். அதுவே உடன்படாமைக்கு உரிய வழி.

ஈடு என்பதை அளந்தறிதல் வேண்டும். முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் வழங்குகின்றனர். முட்டை ஒன்றில் புரதம் ஏறத்தாழ 6 கிராம். பழத்திலோ 1 கிராம் அளவே. ஒரு தம்ளர் பாலில் 6 கிராம் உண்டு. 25 கிராம் நிலக்கடலையிலும் அவ்வளவே உண்டு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை வெறும் தின்பண்டமாக எண்ண வேண்டா. கரிசலில் மானாவாரியாக விளையும் பாசிப்பயறும் உளுந்தும் கம்பும் புரதமும் இரும்பும் தருவன. இரும்புச் சத்துக் குறைந்தால் சோகை உண்டாகி, கவனமும் நினைவும் தளரும். பயற்றுச் சுண்டலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்பு உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் பருகினால் அது தடைப்படும்.

பிறர்க்குச் சொல்லும் இதனை நம் இல்லங்களிலும் நோக்குவோம். நரம்புக்கும் நினைவுக்கும் இன்றியமையாத பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் இல்லை. பால், தயிர், மோரே நமக்கு அதனைத் தருவன. அவற்றையும் குறைத்துக்கொண்ட முதியோர்க்கு மறதியும் கைகால் மரத்துப் போதலும் தோன்றினால், முதுமை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டி இரத்தம் சோதித்தல் நன்று. இம்மாத்திரைக்குரிய சத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு உண்டாக்குகின்றனர். விலங்கைக் கொன்று எடுப்பதன்று. உறையிட்ட மருந்தாயின் அவ்வுறை விலங்குப் பொருளாக இருக்கக்கூடும், கேட்டு வாங்குக.

நம் குடும்பங்களில் பிறந்தநாளும் நினைவுநாளும் தவறாது வருகின்றன. அந்நாட்களில் அருகிலுள்ள தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் இசைவு பெற்று, பாலோ சுண்டலோ கடலை மிட்டாயோ பிள்ளைகளுக்கு வழங்கலாம். ஆண்டுக்கொரு நாள் என்பது போதாது. ஓர் ஊரில் பத்துக் குடும்பங்கள் கூடினால் வாரந்தோறும் நடத்த இயலும். ஈடானது எதிரே இருக்கும்போது பிள்ளை தானே தேர்ந்துகொள்ளும். பால் தம்ளரோடு உள்ளே செல்லும் நம்மை நோக்கி, நீங்கள் ஏன் முட்டை உண்பதில்லை என்று ஒரு பிள்ளை வினவக்கூடும். அப்போது நாம் கூறும் விடையே சாத்திரதானம். அதனைக் கேட்கும் செவியை ஆகாரதானமே திறந்து வைக்கும்.