கிணறு யாருக்குச் சொந்தம்?

2024 ஒக்டோபரில் பலெர்மோவில் தண்ணீர் முறைவைத்து வழங்கப்பட்டபோது எமது பிள்ளைகள் கேட்டார்கள்: "வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் தண்ணீருக்கு என்ன செய்தீர்கள்?" "வளவில் சொந்தக் கிணறு இருந்தது" என்றோம். சொன்னபின் அந்தச் 'சொந்தம்' எம்மை உறுத்தியது.

குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. வேலி மேலேதான், கீழே அடுத்தடுத்த கிணறுகளுக்கு நீர் ஒன்றே. ஒருவர் இயந்திரம் பூட்டி அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அயலவர் கிணறும் உவராகலாம்.

பலெர்மோவின் கீழும் முன்னோர் குடைந்த 'கனாத்' எனும் சுரங்க வாய்க்கால்கள் உண்டு. சரிவில் தானே வடிந்து வருவதையே அவை எடுத்தன.

கணக்கெழுதிப் பழகிய எமக்குத் தெரிந்த நியாயம் இது: வரவுக்கு மிஞ்சிய செலவு கடன். நிலத்தடி நீரில் அக்கடனை அடைப்பவர்கள் அயலவரும் பின்வருவோருமே. அன்பர்களே, பாறையின் பெயரோடு இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.