பழைய கியர் ஆயிலும் காரணம் என்ற கேள்வியும்

ஆட்டோமேடிக் கியர்பாக்ஸில் பல ஆண்டுகளாக மாற்றாமல் கிடக்கும் ஆயிலை இனியாவது மாற்றலாமா என்று கேட்டால், மெக்கானிக்குகளிடமிருந்து இரண்டு விதமான பதில்கள் வரும். தாமதமானாலும் மாற்றிவிடுவதே நல்லது என்பார் ஒருவர். "இத்தனை வருஷம் ஓடிடுச்சு, இனிமே கை வைக்காதீங்க. மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்" என்பார் இன்னொருவர். இரண்டாவது பதிலை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. ஆயிலை மாற்றியது முன்னால் நடந்தது, கியர்பாக்ஸ் கெட்டது பின்னால் நடந்தது, ஆகவே மாற்றியதே கெடுத்தது என்று அது ஒரு காரணத்தைச் சுட்டுகிறது. முன்னால் நிற்கும் ஒன்று எப்போது காரணமாகிறது என்பது இந்தியத் தருக்க மரபுகளும் இஸ்லாமிய மெய்யியலும் ஐரோப்பியத் தத்துவமும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட கேள்வி. வீட்டு வாசலில் காரை ஸ்டாண்டில் ஏற்றி, டிரெயின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டுகிறவர் அந்தக் கேள்விக்கு நடுவில்தான் படுத்திருக்கிறார்.

இந்த ஆயிலுக்கு வேலை அதிகம். டார்க் கன்வர்ட்டருக்குள் எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது இதுதான். வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் அழுத்தத்தோடு பாய்ந்து, எந்த கிளட்ச் பிடிக்க வேண்டும், எது விட வேண்டும் என்பதை நடத்திக் காட்டுவதும் இதுதான். பல்சக்கரங்களுக்கு மசகாகவும் இருக்க வேண்டும். கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று கவ்வும்போது அந்தப் பிடிப்பைக் கெடுக்காமலும் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரு வேலைகளையும் ஒரே திரவம் செய்வதற்காகத்தான் உராய்வைச் சீர்படுத்தும் சேர்மங்கள், அழுக்கைக் கரைக்கும் சேர்மங்கள், ஆக்சிஜனால் கெடாமல் காக்கும் சேர்மங்கள் எல்லாம் அதில் கலக்கப்படுகின்றன. சூடு ஏற ஏற இவை தீர்ந்துபோகும். சிவப்பாக ஊற்றிய ஆயில் பழுப்பாகி, பிறகு கருத்து, கருகிய வாடை அடிக்கும். கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற உராய்வுப் படலமும் தேய்ந்து, தூளாகி, அந்த ஆயிலிலேயே மிதக்கும்.

மெக்கானிக்கின் எச்சரிக்கை இந்த இடத்தில்தான் வேர் பிடிக்கிறது. புதிய ஆயிலில் உள்ள கரைப்புச் சேர்மங்கள், உள்ளே பல வருடமாகப் படிந்து கிடந்த கசடைப் பெயர்த்து வால்வ் பாடியின் குறுகிய வழிகளில் கொண்டுபோய் அடைக்கலாம். தேய்ந்து மழமழத்துப்போன கிளட்ச் தட்டுகள், தூள் மிதக்கும் பழைய ஆயிலில் எப்படியோ பிடித்துக்கொண்டிருந்து, வழுக்கும் தன்மை மீண்ட புதிய ஆயிலில் ஸ்லிப் ஆகலாம். இரண்டுமே நடக்கக்கூடியவை. ஆனால் நடக்கக்கூடியது என்பதும் நடந்ததற்குக் காரணம் என்பதும் ஒன்றல்ல.

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று தமிழில் சொல்லப்படுவதை வடமொழித் தருக்கர்கள் காகதாலீய நியாயம் என்றார்கள். பழம் விழும் பக்குவத்தில் இருந்தது. காக்கை வந்து உட்கார்ந்தது. பார்த்தவருக்குக் காக்கை தள்ளியதாகத் தோன்றுகிறது. கியர்பாக்ஸ் விஷயத்தில் இந்த மயக்கம் இன்னும் ஆழமானது. இங்கே காக்கை தற்செயலாக வந்து உட்காரவில்லை. பத்து ஆண்டுகள் ஆயிலைத் திரும்பிப் பார்க்காதவருக்கு அதை மாற்றும் எண்ணம் பெரும்பாலும் எப்போது வருகிறது? கியர் மாறும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிய பிறகு. ரிவர்ஸ் விழுவதற்கு இரண்டு நொடி தாமதமான பிறகு. தேய்மானம் ஏற்கெனவே முற்றிவிட்டது. அந்தத் தேய்மானமே ஒரு பக்கம் உரிமையாளரை ஆயில் மாற்றத் தூண்டுகிறது. மறுபக்கம் கியர்பாக்ஸையும் சாய்க்கிறது. இரண்டும் அடுத்தடுத்து நடப்பதால் முன்னது பின்னதைப் பெற்றதாகத் தெரிகிறது.

இந்தியத் தருக்க மரபுகளில் ஒன்றான நியாய மரபு இந்தப் பிழைக்குப் பெயரும் கொடுத்து இலக்கணமும் வகுத்திருக்கிறது. நெருப்பு இருக்குமிடத்தில் எல்லாம் புகை இருக்கும் என்று ஒருவர் சொன்னால், பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று காட்டி அதை மறுப்பார்கள். புகைக்கு நெருப்பு மட்டும் போதாது, ஈர விறகும் வேண்டும். சொல்லாமல் விடப்பட்ட அந்த ஈர விறகுதான் உபாதி. 10ஆம் நூற்றாண்டின் உதயனரும் 14ஆம் நூற்றாண்டின் கங்கேசரும் இதை நுணுகி ஆராய்ந்தார்கள். ஆயில் மாற்றிய இடத்தில் எல்லாம் கியர்பாக்ஸ் கெடும் என்ற வாதத்தில் மறைந்து நிற்கும் ஈர விறகு, முன்பே முற்றிய தேய்மானம்.

தமிழிலேயே இதற்கு ஒரு கருவி இருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையியலைக் கற்பிக்கிறார். ஏது போலத் தோன்றி ஏது ஆகாதவற்றை, அதாவது ஏதுப்போலிகளை, அங்கே வகைப்படுத்துகிறார். அவற்றில் ஒன்று அநைகாந்திகம்: சொல்லப்படும் ஏது, சாதிக்க வேண்டியது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருசேரக் காணப்படுவது. குறித்த காலத்தில் ஆயில் மாற்றப்பட்டு நன்றாக ஓடும் வண்டிகள் சாலையெங்கும் இருக்கின்றன. மாற்றிய பின் நின்றுபோன வண்டிகளும் இருக்கின்றன. இரு தரப்பிலும் இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு தரப்பை மட்டும் நிறுவ முடியாது. கெட்ட வண்டிதான் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வருகிறது, மெக்கானிக்கின் நினைவிலும் அதுவே தங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அனுபவசாலியின் சொல்லே எப்படி ஒருபக்கமாகச் சாய்கிறது என்பது புரியும்.

அப்படியானால் ஆயில் மாற்றியவரின் கைக்கும் கெட்டதற்கும் சம்பந்தமே இல்லையா? அவ்வளவு எளிதாக விடுவித்துவிடவும் முடியாது. 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் எழுதிய காரிகாவலி என்ற நியாய நூல், காரியத்துக்கு முன்னால் நின்றும் காரணம் ஆகாதவற்றை ஐந்தாகப் பிரிக்கிறது. குயவனின் தகப்பன் ஒன்று. மண் சுமந்து வந்த கழுதை இன்னொன்று. பானை பிறப்பதற்கு முன்னால் கழுதை இருந்தது உண்மை. ஆனாலும் மண்ணை வேறு எப்படிக் கொண்டுவந்திருந்தாலும் பானை பிறந்திருக்கும். ஆகவே கழுதை பானைக்குக் காரணம் இல்லை. பெரும்பாலான பழைய கியர்பாக்ஸ்களில் ஆயில் மாற்றம் இந்தக் கழுதையின் இடத்தில்தான் நிற்கிறது. எல்லாவற்றிலும் அல்ல.

சைவ சித்தாந்தம் காரணத்தை முதல், துணை, நிமித்தம் என்று மூன்றாகக் காண்கிறது. பானைக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத் தோற்றத்தை விளக்குவதற்காக வகுத்த பாகுபாடுதான் என்றாலும், ஒரு பழுதைப் பகுத்துப் பார்ப்பதற்கும் இதைவிடத் தெளிவான வழி கிடைப்பது அரிது. தேய்ந்த உராய்வுப் படலமும் படிந்த கசடும் முதற்காரணம். புதிய ஆயில் சில வேளை துணைக்காரணம். அந்தத் துணை எவ்வளவு வலுவுள்ளது என்பது மாற்றும் முறையைப் பொறுத்தது. டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் பேனில் உள்ளது மட்டுமே வடியும். டார்க் கன்வர்ட்டரிலும் வால்வ் பாடியிலும் இருப்பது அங்கேயே நிற்கும். மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர், வடிவது 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் முறை மாற்றிய பின் பாதி பழையது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து நிரப்பினால் கால் பங்கு. மூன்றாம் முறைக்குப் பிறகு எட்டில் ஒரு பங்கு. வீட்டில் செய்யக்கூடிய இந்த முறை மெதுவானது, கசடை ஒரேயடியாகக் கலக்காதது. மெஷினை மாட்டி, அழுத்தம் கொடுத்து முழு ஆயிலையும் ஒரே மூச்சில் தள்ளி எடுப்பது, இதுவரை தொடப்படாத பழைய கியர்பாக்ஸுக்கு ஆபத்து கூடிய வழி. "ஆயில் மாற்றினால் கெடும்" என்ற சொல் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. பழி பாதி இந்தக் குழப்பத்தில் பிறக்கிறது.

காரணம் என்ற உறவையே ஐயுற்றவர்களும் உண்டு. பஞ்சு நெருப்பைத் தொடும்போது எரிவதை நாம் காண்கிறோம். நெருப்பால் எரிவதைக் காணவில்லை என்றார் அல்-கஸாலி (1058–1111). இரண்டும் சேர்ந்து நடப்பது இறைவனின் ஆணை என்பது அவர் நிலை. 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் இறைவனைக் கொண்டுவராமலேயே, தொடர்ந்து வருவதைப் பார்த்துப் பழகிய மனமே கட்டாயத்தைச் சேர்த்துக்கொள்கிறது என்றார். 1973இல் டேவிட் லூயிஸ் முன்வைத்த விளக்கம் வண்டிக்காரருக்கு இன்னும் நெருக்கமானது: முன்னது நடக்காதிருந்தால் பின்னதும் நடந்திருக்காது என்றால், முன்னது காரணம். மாற்றாமல் விட்டிருந்தால் இந்தக் கியர்பாக்ஸ் ஓடியிருக்குமா? ஒரே வண்டியை ஒரே நேரத்தில் மாற்றியும் மாற்றாமலும் ஓட்டிப் பார்க்க முடியாது. தனி ஒரு வண்டியைப் பற்றிய உறுதியான தீர்ப்பு, அதைத் திறந்து பார்க்காத யாருக்கும் கிடையாது.

மாற்றாமல் விடுகிறவரின் நிலையை யாரும் இவ்வளவு கடுமையாக விசாரிப்பதில்லை. செய்தவரிடம் குற்றம் காண்பதும் செய்யாதவரைச் சும்மா விடுவதும் மனித இயல்பு. செய்யாமை எதையாவது விளைவிக்குமா என்பது வேதாந்தத்திலும் மீமாம்சையிலும் பெரிய சர்ச்சை. விதித்த நித்திய கர்மத்தைச் செய்யாவிட்டால் பாவம் வரும் என்பது ஒரு கட்சி. செய்யாமை வெறும் இன்மை, இன்மையிலிருந்து உள்ளது ஒன்று தோன்றாது என்று சங்கரர் தைத்திரீய உபநிடத உரையில் மறுக்கிறார். செய்யாமை பாவத்தை உண்டாக்குவதில்லை. முன்பே சேர்ந்த பாவத்துக்கு அது அடையாளம் என்கிறார். நியாயவாதிகளோ இன்மையையும் காரணப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள்: நெருப்பு சுடுவதற்கு அதைத் தடுக்கும் மணி அருகில் இல்லாமையும் ஒரு காரணம். கெடாமல் காக்கும் சேர்மம் தீர்ந்துபோனதும் ஆயில் ஆக்சிஜனுக்கு இரையாவது, இந்த நியாயக் கருத்துக்கு நேரான உதாரணம்.

ஆனால் கியர்பாக்ஸைப் பொறுத்தவரை இந்தச் சர்ச்சைக்குள் முழுதாக இறங்கத் தேவையில்லை. ஆயிலை மாற்றாதவர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கவில்லை. தினமும் வண்டியை ஓட்டுகிறார். ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும், காப்புச் சக்தி போன ஆயிலில் கிளட்ச் தட்டுகள் உரசுகின்றன. மாற்றாமை இன்மையாக இருக்கலாம்; அந்த ஆயிலில் ஓட்டுவது முழுக்கச் செயல். கை வைக்காதவர் என்று ஒருவர் இருக்க வேண்டுமானால், அவர் வண்டியை ஷெட்டில் நிறுத்திச் சாவியை மாட்டிவைத்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று சில கார் நிறுவனங்கள் சொல்வதும் இந்தப் பொறுப்பை அகற்றிவிடாது. கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில், ஆயில் மாற்றப் பரிந்துரைக்கிறது.

இனி மாற்றுகிறவரின் பொறுப்பு. அது விளைவில் மட்டும் இல்லை, பார்த்ததிலும் பார்க்காமல் விட்டதிலும் இருக்கிறது. பேனைக் கழற்றியதும் அதன் அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் மை போல மெல்லிய பசை படிந்திருந்தால் அது வயதுக்குரிய தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. பேனின் அடியில் கருப்புச் செதில்கள் தடித்துக் கிடந்தால் உராய்வுப் படலம் உரிந்துகொண்டிருக்கிறது. இவை தருக்கர்கள் சொல்லும் லிங்கம்: காணாத நெருப்பைக் காட்டும் புகை. சில்லும் செதிலும் கண்டவர், அந்த வண்டி எந்த ஆயிலிலும் நெடுநாள் ஓடாது என்று அறிந்தே மேலே போகிறார். வண்டி வேறொருவருடையதென்றால் அதை அப்போதே சொல்லிவிடக் கடமைப்பட்டவர். பார்க்காமலேயே மூடியவர், பிறகு வண்டி நின்றால் ஆயில்மீது பழி போடவும் உரிமையற்றவர், பழியிலிருந்து தப்பவும் வழியற்றவர்.

காரணம் பற்றி ஐயமே இல்லாத தவறுகளும் உண்டு. டெக்ஸ்ரான் தரத்து ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் வேறு தரத்து ஆயிலை ஊற்றுவது, வடிந்ததை அளக்காமல் குத்துமதிப்பாக நிரப்புவது, கையேடு சொல்லும் சூட்டில் எஞ்சினை ஓடவிட்டு அளவு பார்க்காமல் விடுவது, ஃபில்டரின் பழைய சீல் உள்ளேயே ஒட்டியிருக்கப் புதியதை அதன்மேல் அழுத்துவது. குறைவாக நிரப்பினால் பம்ப் காற்றை இழுக்கும்; அதிகமானால் ஆயில் நுரைக்கும். இரண்டிலும் அழுத்தம் விழுந்து கிளட்ச் ஸ்லிப் ஆகும். இங்கே காக்கையும் இல்லை, கழுதையும் இல்லை. நிமித்த காரணம் ஸ்பேனர் பிடித்த கைதான். ஊர்ப் பேச்சில் "ஆயில் மாற்றியதால் போச்சு" என்று சொல்லப்படும் வண்டிகளில் இப்படிப் போனவையும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன.

வடித்தெடுத்த பழைய ஆயிலும் இதே விசாரணைக்கு உட்பட்டது. மூன்று முறை வடித்தால் மேற்சொன்ன கணக்கில் 12 லிட்டர் சேரும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயகரக் கழிவாகவே வைத்திருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும். வீட்டில் மாற்றுகிறவர் அதை மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்கலாம். சாக்கடையில் ஊற்றினால் அது யாருடைய கிணற்றை எப்போது அடைந்தது என்று யாரும் வந்து கேட்கப்போவதில்லை. கேட்க ஆள் இல்லாத அந்த இடத்திலும் முதல், துணை, நிமித்தம் மூன்றும் முழுமையாகவே இருக்கின்றன.